சிறிய குரலும் நீண்ட புகழும்: ஆனெட் ஃபனிசெல்லோவின் கலைவாழ்வு

இளம்பருவத்திலேயே புகழெய்திய பாடகியரையும் நடிகையரையும் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றையே மேற்கொள்கின்றனர். ஒரு சாரார் வியந்து போற்றுவர். மற்றொரு சாரார் இரங்கிக் கண்ணீர் உகுப்பர். இரண்டும் படிப்பதற்குச் சுவையானவையே. ஆயினும், பாட்டு எத்தகையது, நடிப்பு எத்தகையது என்னும் கேள்வி அவ்விரண்டிலும் எழுவதே இல்லை. ஒருவர் தாமே செய்தது எவ்வளவு, அவருக்காகப் பிறர் செய்து கொடுத்தது எவ்வளவு என்று பகுத்துப் பார்ப்பது திறனாய்வாளனின் முதற்கடமை. அக்கடமையை ஆற்றிப் பார்ப்பதற்கு அமெரிக்கப் பாடகியும் நடிகையுமான ஆனெட் ஃபனிசெல்லோவினும் பொருத்தமான ஒருவரை நான் அறியேன். அவரிடம் பெரிய குரல் இல்லை. இருப்பதாக அவர் பாவனை செய்ததும் இல்லை.

அவர் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். இசைக்கல்வி கற்பித்த விரிவுரையாளர் ஒருவர் ஒருநாள் ஒலிநாடாவில் இரண்டு ஆங்கிலப் பாடல்களை ஒலிக்கச் செய்தார். ஒன்று பிரெண்டா லீ பாடியது. மற்றது ஆனெட் பாடியது. இரண்டும் 1960-ஆம் ஆண்டில் வெளிவந்தவை. பாடிய இருவரும் அப்போது பதின்ம வயதினர். "இவ்விருவருள் பாடத் தெரிந்தவர் யார்?" என்று அவர் கேட்டார். பிரெண்டா லீ என்று வகுப்பு முழுவதும் விடையிறுத்தது. "அப்படியாயின், மற்றவருடைய இசைத்தட்டு ஏன் விற்றது?" என்றார். எவரும் வாய் திறக்கவில்லை. மணியும் அடித்துவிட்டது. அவ்வினாவுக்கு எனக்கு நிறைவளிக்கும் விடை கிடைப்பதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. இக்கட்டுரை அவ்விடையைச் சார்ந்ததே.

ஆனெட் 1942-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து யூட்டிக்கா நகரில், இத்தாலிய வழிவந்த குடும்பமொன்றிற் பிறந்தார். நான்கு வயதானபோது குடும்பம் தென்கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. மிகுந்த கூச்ச இயல்புடைய குழந்தை. அக்கூச்சத்தைப் போக்குதற்பொருட்டே பெற்றோர் நடனமும் இசையும் பயில அனுப்பினர். 1955-இல் பர்பாங்க் நகரின் திறந்தவெளி அரங்கில், 'அன்னப் பறவைகளின் ஏரி' எனும் பாலே நடனத்தில் அவர் அன்னத்தரசியாக ஆடியதை வால்ட் டிஸ்னி கண்டார். அப்போது அகவை பன்னிரண்டு. டிஸ்னி தொடங்கவிருந்த 'மிக்கி மௌஸ் கிளப்' என்னும் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ அனைவரும் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னர், இறுதியாகச் சேர்ந்தவர்களுள் ஒருவராக அவர் சேர்க்கப்பட்டார். டிஸ்னி தாமே கண்டு தேர்ந்த வெகுசிலருள் அவரும் ஒருவர். அந்நிகழ்ச்சி அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் ஒளியேறத் தொடங்கியது.

முதற்பருவம் முடிவதற்குள் அச்சிறுமிக்குத் திங்கள்தோறும் ஆறாயிரம் மடல்கள் வந்தன என்பது டிஸ்னி நிறுவனத்தார் தரும் கணக்கு. வேறு எந்தச் சிறுவருக்கும் அத்தனை மடல்கள் வரவில்லை. குழுவில் அவரினும் நன்றாக ஆடுவோர் இருந்தனர். நன்றாகப் பாடுவோரும் இருந்தனர். பின் எதனால்? பழைய ஒளிப்பதிவுகளைப் பார்ப்போர்க்கு ஒன்று புலனாகும். மற்றச் சிறுவர் பலர் 'நிகழ்ச்சி படைக்கின்றோம்' என்ற நினைவோடு முகத்தை மலர்த்தி வைத்திருக்கின்றனர். அவர்கள் கண்கள் தொலைவிலுள்ள பெருங்கூட்டத்தைப் பார்க்கின்றன. ஆனெட்டோ, கூச்சம் முற்றும் நீங்காத பார்வையோடு, எதிரே ஒரே ஒருவர் அமர்ந்திருப்பதுபோல் படக்கருவியை நோக்குகின்றார். மேடைக்கு இது குறை. வீட்டுக் கூடத்தில் வைக்கப்பட்ட சிறு பெட்டிக்கு இதுவே நிறைவு. தொலைக்காட்சி அந்நாளில் புதிய ஊடகம். அதன் அளவுக்கேற்ற முகபாவம் எது என்பதை அனுபவமிக்க நடிகர்களே தேடிக்கொண்டிருந்த காலம். பயிற்சியால் வராத ஒன்று கூச்சத்தால் வந்து அமைந்தது.

பெயரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 'ஃபனிசெல்லோ' என்னும் இத்தாலியக் குடும்பப் பெயரைப் பிறர் பிழையாகவே ஒலித்தமையால் அதனை எளிய ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொள்ள அவர் விரும்பினார். டிஸ்னி இசையவில்லை, ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டால் அப்பெயரை எவரும் மறக்கமாட்டார் என்று அறிவுறுத்தினார். கலையுலகில் நுழைவோர் தம் இனத்தை மறைக்கும் பெயர்களைச் சூட்டிக்கொண்ட காலம் அது. டிஸ்னியின் கருத்தில் வாணிக நோக்கம் இருந்திருக்கலாம். ஆயினும் அறிவுரை நல்லறிவுரையே. வகுப்பறையில் வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது மாணவர் பெயரைச் சுருக்கியும் திரித்தும் அழைக்கும் ஆசிரியர்கள் இதனை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.

அச்சிறுவர்களுக்குப் படப்பிடிப்பு வளாகத்திலேயே பாடம் கற்பிக்கப்பட்டது. கலிபோர்னியாவில் நடிப்புத் தொழிலில் ஈடுபட்ட சிறுவர்களுக்குச் சட்டக் காப்பு ஓரளவு அப்போதே ஏற்பட்டிருந்தது. 1921-இல் சார்லி சாப்ளினோடு நடித்துப் பெரும்பொருள் ஈட்டிய ஜாக்கி கூகன் என்னும் சிறுவர், வளர்ந்து ஆளானபின் தம் உழைப்பின் பயன் பெரும்பாலும் செலவழிந்துபோனதைக் கண்டு 1938-இல் தாயின்மீதும் மாற்றாந்தந்தையின்மீதும் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 1939-இல் அவர் பெயராலேயே வழங்கும் சட்டம் பிறந்தது. அச்சட்டம் பல ஓட்டைகள் உடையது. அவற்றை அடைத்து, ஈட்டிய பொருள் குழந்தைக்கே உரியது என்று ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்க 2000-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனெட்டின் காலம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அவருக்கு வாய்த்த பெற்றோர் நல்லவர்கள் என்பதையும், அது சட்டத்தால் நேர்ந்ததன்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனிக் குரலுக்கு வருவோம். 1958-இல் மிக்கி மௌஸ் கிளப்பில் அவர் பெயராலேயே ஒரு தொடர்கதை ஒளியேறியது. அதில் வைக்கோல் வண்டியில் இளையர் கூடிச் செல்லும் காட்சி ஒன்று. அங்கே ஆனெட் ஒரு பாடலைப் பாடினார். கதைக்காகப் பாடப்பட்ட பாட்டு அது. விற்பனைக்கென்று எவரும் கருதவில்லை. ஆனால், அப்பாடல் எங்கே கிடைக்கும் என்று கேட்டு மடல்கள் குவிந்தன. நிறுவனம் அதனை இசைத்தட்டாக வெளியிட்டது. பாடகியாவதற்கு அவர் கேட்கவுமில்லை. தம் குரலைப்பற்றி அவருக்கு உயர்ந்த எண்ணமும் இருந்ததில்லை.

அக்குரலின் அளவை இசையமைப்பாளர் டுட்டி கமராட்டா நன்கு உணர்ந்திருந்தார். குரல் மெல்லியது, வீச்சு குறைவு, நீட்டி நிறுத்தும்போது காற்றுப்போல் தேய்ந்துவிடும். அவர் கையாண்ட உத்தி இதுதான்: ஆனெட் பாடலை ஒருமுறை பாடி ஒலிநாடாவிற் பதிவு செய்வார். பிறகு அப்பதிவைச் செவியில் கேட்டுக்கொண்டே அதே பாடலை, அதே கால அளவில், அதே ஏற்ற இறக்கத்தோடு மீண்டும் பாடுவார். இரண்டு பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, எதிரொலியும் ஊட்டுவர். மனிதக் குரல் இருமுறை முற்றிலும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. மயிரிழையளவு முன்பின்னாகவும், மயிரிழையளவு மேல்கீழாகவும் விலகும். அவ்விலகலே மெல்லிய குரலுக்குத் தடிப்பைத் தருகின்றது. பேட்டி பேஜ் முதலிய பாடகியர் முன்னரே தம் குரலோடு தாமே சேர்ந்து பாடிப் பதிந்ததுண்டு. ஆனால், அவர்கள் அழகுக்காகச் செய்ததை கமராட்டா ஒரு சிறுமியின் குரலுக்கு ஊன்றுகோலாகவே ஆக்கினார்.

இதனைச் சுட்டிக்காட்டி, "ஆனெட் பாடவில்லை, எந்திரமே பாடியது" என்று கூறுவோர் உளர். நான் அக்கருத்தோடு உடன்படேன். 1966-இல் இலண்டனில் கென் டவுன்சென்ட் என்ற ஒலிப்பதிவுப் பொறியாளர், பீட்டில்ஸ் குழுவினர் இருமுறை பாடும் சலிப்பிலிருந்து தப்புவதற்காக, ஒரே பதிவிலிருந்து இரண்டாவது குரலைத் தானே உண்டாக்கும் முறையைக் கண்டறிந்தார். அதற்கு முன்னர் இரண்டாவது குரலைப் பாடகரே பாடியாக வேண்டும். முதல்முறை எங்கே மூச்செடுத்தோமோ அங்கேயே மீண்டும் மூச்செடுக்க வேண்டும். எந்த எழுத்தில் அழுத்தினோமோ அதிலேயே அழுத்த வேண்டும். தாளம் பிசகுபவரை இம்முறையிற் பதிவு செய்தால் தடிப்பு வாராது, குழப்பமே வரும். உணர்ச்சிப் பெருக்கிற் பாடும் பெருங்குரலாளர் பலர் இத்தேர்வில் தோற்பர். அவர்கள் ஒருமுறை பாடியதுபோல் மறுமுறை பாடுவதில்லை. ஆனெட் பாலே பயின்றவர். ஒரே அடவைப் பத்துமுறை ஆடினும் பத்தாவதும் முதலாவதுபோல் அமைய வேண்டும் என்பது அவர் உடம்பிற் பதிந்த பாடம். குரலின் குறையைக் காலின் பயிற்சி ஈடுசெய்தது என்றே கூறுவேன். எந்திரத்துக்குப் பாதிப் பங்கு கொடுக்கலாம். முழுப்பங்கு கொடுப்பது நேர்மையாகாது.

அம்முறையில் உருவான 'டால் பால்' என்ற பாடல் 1959-இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் ஏழாம் இடத்தை எட்டியது. அதனை எழுதியவர்களுள் ராபர்ட் ஷெர்மன், ரிச்சர்ட் ஷெர்மன் என்னும் உடன்பிறப்புகளும் அடங்குவர். அவ்வெற்றியே டிஸ்னியின் பார்வை அவர்கள்பால் திரும்பக் காரணமாயிற்று. தொடர்ந்து ஆனெட்டுக்குப் பாடல்கள் எழுதினர். பின்னர் நிறுவனத்தின் நிலையான பாடலாசிரியராயினர். 1964-இல் வெளிவந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக இரண்டு ஆஸ்கார் விருதுகளும் பெற்றனர். மேரி பாப்பின்ஸ் பாடல்களை விரும்பாத குழந்தை அரிது. அப்பாடல்களுக்கு வழி திறந்தது, பாடத் தெரியாதவர் என்று நாங்கள் வகுப்பில் தீர்ப்பளித்த அம்மெல்லிய குரல்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பணியிற் சேர்ந்து சில ஆண்டுகள் ஆனபின், மாவட்ட அளவிலான பாட்டுப் போட்டி ஒன்றில் நடுவராக அமர்ந்தேன். புள்ளித்தாளில் 'குரல்வளம்' என்பதற்கு நாற்பது புள்ளிகள். தோட்டப்புறப் பள்ளியிலிருந்து வந்த ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி பாடினாள். சுருதி பிசகவில்லை, தாளம் தவறவில்லை, லகர, ழகர, ளகர வேறுபாடு அத்தனை தெளிவு. ஆனால் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை. ஒலிபெருக்கி அன்று பழுதாகியிருந்தது. நான் நாற்பதுக்குப் பதினொன்று இட்டேன். முதற்பரிசை உரத்துப் பாடிய ஒரு மாணவன் பெற்றான். அவன் இரண்டிடத்தில் சுருதி விலகியதை நான் குறித்தும் வைத்திருந்தேன். அடுத்த ஆண்டு அப்பள்ளி ஆசிரியையிடம் அம்மாணவியைப்பற்றி விசாரித்தேன். "அவள் இப்போது பாடுவதில்லை, ஐயா" என்று மட்டும் சொன்னார். விரிவுரையாளரின் வினாவை நான் சரியாகச் சிந்தித்திருந்தால் அத்தாளில் வேறோர் எண்ணை எழுதியிருப்பேன்.

அவ்வினாவுக்கு நான் இப்போது கூறும் விடை இது. பிரெண்டா லீயைக் கேட்ட சிறுமி வியந்து அமர்ந்தாள். ஆனெட்டைக் கேட்ட சிறுமி உடன் பாடினாள். ஏற்கெனவே இரண்டு குரல்கள் ஒலிக்கும் பாட்டில் மூன்றாவது குரல் சேர்வதற்குத் தயக்கமில்லை. இசைத்தட்டு விற்றதன் காரணம் பெரிதும் இதுவே என்பது என் துணிபு. பெருங்கலை இதுதான் என்று நான் வாதிடவில்லை. இதுவும் ஒரு கலைப்பயன் என்றே சொல்கின்றேன்.

பாடல்களின் பொருளைப்பற்றி அத்துணை நயமாகப் பேச இயலாது. பெரும்பாலானவை உயர்நிலைப் பள்ளிப் பையனை எண்ணி ஏங்கும் பெண்ணின் கூற்றாகவே அமைந்தன. பையன் உயரமானவன், விளையாட்டு வீரன், எல்லாரும் விரும்புபவன். பெண்ணுக்கோ அவனைப் பெற்றதே பெருமை. 1960-இல் மட்டும் அவருடைய இசைத்தட்டுத் தொகுதிகள் பல வெளிவந்தன. ஒன்று பால் ஆங்கா எழுதிய பாடல்களின் தொகுதி. மற்றொன்று இத்தாலியச் சாயலுடையது. இன்னொன்று ஹவாய்த் தீவுச் சாயலுடையது. ஹவாய் 1959-இல்தான் அமெரிக்காவின் ஐம்பதாம் மாநிலமாயிற்று. நாடே அத்தீவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேளை. ஷெர்மன் சகோதரர்கள் எழுதிய 'பைனாப்பிள் பிரின்சஸ்' அவ்வேளையில் வெளிவந்து பதினோராம் இடம் வரை ஏறியது. அன்னாசி இளவரசி என்று அதற்குப் பொருள். இனிய மெட்டுதான், மறுக்கவில்லை. ஆனால், அன்னாசித் தோட்டங்களில் உழைத்த பிலிப்பினோ, ஜப்பானியத் தொழிலாளரைப் பற்றி அப்பாட்டுக்கு எதுவும் தெரியாது. ஜொகூரில் அன்னாசித் தோட்டம் பார்த்து வளர்ந்த எனக்கு, அம்முட்செடிகளுக்கிடையே எந்த இளவரசியும் நடந்து சென்றதாக நினைவில்லை. சிறுமி பாடிய பாட்டுக்குச் சிறுமியைக் குறைகூறுவது முறையாகாது. எழுதியவர்களும் விற்றவர்களும் வளர்ந்தவர்கள்.

திரைப்படங்களுள் முதலாவது 1959-இல் வெளிவந்த 'தி ஷாகி டாக்'. அதில் அவர் செய்வதற்கு அதிகமில்லை. 1961-இல் வந்த 'பேப்ஸ் இன் டாய்லேண்ட்' பொருட்செலவு மிக்க படம். ஆயினும் உயிர் குன்றியது. அதில் ஒரே ஒரு காட்சிக்காக அப்படத்தை நான் இருமுறை பார்த்தேன். வீட்டுச் செலவுக் கணக்கைக் கூட்டிப் பார்த்து விடை வராமல் திகைக்கும் பெண்ணாக அவர் பாடுகின்றார். வெவ்வேறு வண்ணங்களில் அவருடைய பல உருவங்கள் திரையில் தோன்றி அவரோடு சேர்ந்து பாடுகின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் செவிக்குச் செய்ததை இங்கே கண்ணுக்குச் செய்திருக்கின்றனர். கூட்டல் தெரியாத பெண்ணைப் பலவாகப் பெருக்கிக் காட்டியிருக்கும் குறும்பை எந்தக் கணித ஆசிரியரும் சுவைப்பார்.

அவருடைய நடிப்பை மதிப்பிட வேண்டுமாயின் 1963-இல் வெளிவந்த 'பீச் பார்ட்டி' என்ற படத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். அது டிஸ்னி தயாரித்ததன்று. மலிவான, விரைவான படங்களைத் தயாரித்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் படம். வில்லியம் ஆஷர் இயக்கியது. கடற்கரை, அலைச்சறுக்கு, பாட்டு, கூத்து, பெற்றோரே தலைகாட்டாத உலகம். பார்வையாளர் பெரும்பாலும் திறந்தவெளித் திரையரங்குகளில் மகிழுந்துக்குள் அமர்ந்திருந்த இளையர். ஆனெட்டை அப்படத்துக்கு விடுவித்த டிஸ்னி, நீச்சலுடையில் தொப்புள் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டார் எனும் செய்தி மிகப் பரவலாகப் பேசப்படுவது. அதனைச் சொல்வோர் சற்று மிகைப்படுத்தியே சொல்கின்றனர். இருதுண்டு நீச்சலுடையில் அவர் தோன்றும் காட்சிகள் அப்படவரிசையில் உள. ஆடையைப்பற்றியே பேசி நடிப்பை மறந்துவிட்டனர் என்பதே என் குறை.

கதையைப் பாருங்கள். காதலன், ஃபிரான்கி அவலான் ஏற்ற பாத்திரம், காதலியோடு தனித்திருக்க எண்ணிக் கடற்கரை வீடொன்றுக்கு அவளை அழைத்து வருகின்றான். கதவைத் திறந்தால் நண்பர் கூட்டம் முழுவதும் உள்ளே படுத்திருக்கின்றது. அவர்களை வரச் சொன்னவள் அவளே. படத்தின் ஊடல், பொறாமை, பேராசிரியரின் குறுக்கீடு ஆகிய அனைத்தும் அவள் செய்த அவ்வொரு செயலிலிருந்து கிளைக்கின்றன. அப்பாத்திரத்தைச் சிடுசிடுப்பாக நடித்திருந்தால் இளையர் நகைத்திருப்பர். நன்னெறி போதிப்பவளாக நடித்திருந்தால் எழுந்து போயிருப்பர். ஆனெட் இரண்டையும் செய்யவில்லை. தானும் விரும்புகின்றாள், தன்மீதும் தனக்கு முழு நம்பிக்கை இல்லை, ஆகவே நண்பர்களை அழைத்தாள் என்பதைச் சிறு புன்னகையாலும் கண்ணைத் தாழ்த்துவதாலும் விளங்க வைத்துவிடுகின்றார். 'வேண்டாம்' என்று சொல்லும் பெண்ணைக் கேலிப்பொருளாக்காமல் ஒரு கேளிக்கைப் படத்தின் நடுவே நிறுத்துவது எளிய செயலன்று. அப்படத்தை அடுத்து 1965-க்குள் அதே போக்கில் நான்கைந்து படங்கள் வந்தன. அவை ஒன்றினொன்று மெலிந்தவை. முதற்படத்திற் கண்ட அந்நுட்பம் பின்னவற்றில் வழக்கமாகி, வழக்கம் சலிப்பாயிற்று.

அவர் என்ன ஆகவில்லை என்பதையும் கூறாவிடில் திறனாய்வு நிறைவுறாது. இருபது வயதுக்குப் பின்னும் பதினாறு வயதுப் பெண்ணாகவே நடித்தார். வேறு வகைப் பாத்திரத்தைக் கொடுத்துப் பார்க்க எவரும் முன்வரவில்லை; அவரும் கேட்டதாகத் தெரியவில்லை. தம்மைக் கண்டெடுத்தவரை இறுதிவரை 'திரு. டிஸ்னி' என்றே அழைத்த அப்பணிவு மனிதப்பண்பு என்ற வகையிற் பாராட்டத்தக்கது. கலைஞர் என்ற வகையில் அவருக்கு அது வேலியாயிற்று. 1964-இல் பீட்டில்ஸ் அலை அமெரிக்காவை அடைந்தபின் அவர் பாடிய வகைப் பாடல்களுக்கு இடம் சுருங்கியது. 1965-இல் மணம்புரிந்துகொண்டார், மூன்று மக்களுக்குத் தாயானார். 1966 டிசம்பரில் டிஸ்னி மறைந்தார். 1968-இல் 'ஹெட்' என்ற படத்தில் தோன்றிய சிறு வேடம் தம்மையே எள்ளிநகையாடிய வேடம். அதன்பின் பல ஆண்டுகள் நாட்டு மக்கள் அவரைக் கண்டது பெரும்பாலும் நிலக்கடலை வெண்ணெய் விளம்பரத்தில்தான். இருபத்தாறு வயதுக்குள் முடிந்துவிட்ட கலைவாழ்வு என்று சிலர் இதனை எழுதுகின்றனர். குடும்பத்தை விரும்பித் தேர்ந்துகொண்டதாக அவரே கூறியிருப்பதால், அதில் இரக்கப்படுவதற்கு நமக்கு உரிமையில்லை.

1987-இல் ஃபிரான்கி அவலானோடு 'பேக் டு த பீச்' என்ற படத்தில் மீண்டும் தோன்றினார். பழைய காதலர் இப்போது நடுவயதுத் தம்பதியர். ஒஹாயோ மாநிலத்தில் மகிழுந்து விற்கும் குடும்பம். அடுக்களை நிலைப்பெட்டி முழுவதும் நிலக்கடலை வெண்ணெய்ப் புட்டிகள். தம் விளம்பரத்தையே பகடி செய்ய அவர் இசைந்த பெருந்தன்மை இரசிக்கத்தக்கது. ஃபிஷ்போன் என்னும் இளைஞர் குழுவோடு அவர் ஆடிப் பாடும் காட்சியில், நாற்பத்து நான்கு வயதிலும் அப்பாலேப் பயிற்சியின் கால அளவு மாறாமல் நிற்கின்றது. அக்காலத்திலேயே அவர் உடலில் நோய் தொடங்கியிருந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையை உடலின் காப்பாற்றலே தாக்கிச் சிதைக்கும் நோய். நடை தடுமாறும், கட்டளைக்குக் கால் பணியாது. ஆடற்கலையால் உயர்ந்தவருக்கு வந்த நோய் இது.

அவர் ஐந்தாண்டுகள் அதனை வெளியிடவில்லை. பொதுவிடங்களில் அவர் தள்ளாடியதைக் கண்டோர், குடித்திருக்கின்றார் என்று பேசத் தலைப்பட்டனர். அமெரிக்கக் குடும்பங்கள் தம் மகளைப்போல் கருதிய பெண்ணைப் பற்றி எழுந்த பேச்சு. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிக்காக்கப்பட்ட நற்பெயர் அவருக்கு அளித்த பரிசு இதுதானா என்று எண்ணத் தோன்றுகின்றது. குற்றமற்றவள் என்ற உருவத்தை ஒருவர்மேல் ஏற்றிவிட்டால், கால் இடறும்போது மக்கள் முதலில் நினைப்பது நோயையன்று, குற்றத்தையே. 1992-இல் அவர் உண்மையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு நரம்பு நோய் ஆராய்ச்சிக்காகத் தம் பெயரில் நிதியமொன்றை நிறுவினார். 1994-இல் தன்வரலாறு வெளிவந்தது. 1995-இல் அது தொலைக்காட்சிப் படமாக எடுக்கப்பட்டபோது, நோயுற்ற நிலையில் தாமே அதில் தோன்றினார். இளமையில் எந்தப் படக்கருவியை ஒரே ஒரு மனிதரைப் பார்ப்பதுபோல் பார்த்தாரோ, அதே பார்வையை அங்கும் காணலாம். 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்டு நகரில், எழுபதாம் அகவையில் காலமானார்.

அவருக்கு முற்பட்ட ஜூடி கார்லண்ட் பதின்மூன்று வயதில் பட நிறுவன ஒப்பந்தத்தில் நுழைந்து 1969-இல் நாற்பத்தேழாம் வயதில் இறந்தார். குரலில் அவரோடு ஆனெட்டை ஒப்பிடுவது மலையையும் மடுவையும் ஒப்பிடுவதாகும். பிற்பட்டோரைக் கருதினால், மிக்கி மௌஸ் கிளப் புத்துயிர் பெற்றபின் 1993-இல் அதிற் சேர்ந்த சிறுவருள் பிரிட்னி ஸ்பியர்ஸ் ஒருவர். வளர்ந்தபின் அவர் ஈட்டிய பொருளும் அவர் வாழ்வும் 2008 முதல் 2021 வரை நீதிமன்றம் அமர்த்திய காப்பாளர்களின் ஆட்சியிற் கிடந்தன. குரல்வளம் மிக்கோரின் கதைகள் இவ்வாறிருக்க, குரல்வளம் குன்றிய ஆனெட் தம் வாழ்வைத் தாமே நடத்தி முடித்தார். இதிலிருந்து விதியெதுவும் வகுத்துவிட முடியாது. ஆயினும், தம் திறனின் எல்லையை அறிந்தவருக்கு அதற்கப்பால் எதையும் விற்க வேண்டிய நெருக்கடி ஏற்படவில்லை என்பதைக் கருதிப் பார்க்கலாம்.

இன்று அவரைக் கேட்க விரும்புவோர் தொகுதிகளை முழுமையாகக் கேட்க வேண்டுவதில்லை. பாதிக்கு மேல் தவிர்க்கத்தக்கவை. 'டால் பால்' பாடலை முதலிற் கேட்கலாம். செவிக்குள் வைக்கும் கருவியாற் கேட்டால் சற்றுத் தெளிவாகப் புலப்படும்: சொற்களின் ஈற்றில் ஒரு குரல் முடிந்தபின் மற்றொன்று மிகச் சிறிதளவு நேரம் தங்கி முடிகின்றது. அதனைச் சென்ற தவணையில் ஆறாம் ஆண்டு மாணவருக்கு ஒலிக்கச் செய்து, எத்தனை பேர் பாடுகின்றனர் என்று கேட்டேன். பெரும்பாலோர் இருவர் என்றனர். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு சிறுமி மட்டும், "ஒருத்திதான் சார், ரெண்டு தடவை பாடுறாங்க" என்றாள்.